காலி டப்பாவைத் தூக்கி எறியாதே, கண்ணு!

தாத்தாவின் மாத்திரை தீர்ந்துபோன பிளாஸ்டிக் டப்பா ஒன்று உன் வீட்டு அலமாரியில் கிடக்கிறதா, கண்ணு? போய் எடுத்து வா. மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வந்துவிட்டாயா? சபாஷ்! டப்பாவோடு சேர்த்து "எதுக்கு?" என்ற கேள்வியையும் கொண்டு வந்திருப்பாய். அந்தக் கேள்விக்காகத்தான் உன்னை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

இந்த டப்பாவின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றப் போகிறோம். சுற்றி முடித்தால் ஒரு வானொலியின் முக்கியமான உறுப்பு தயார். சாதாரண வானொலி இல்லை. பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். நிலையத்திலிருந்து வருகிற ரேடியோ அலையின் சக்தியை எடுத்துக்கொண்டே அது உன் காதுக்குள் பேசும். அதற்குக் கிரிஸ்டல் ரேடியோ என்று பெயர்.

அதற்கு வேண்டிய முக்கியமான பொருள்கள் நாலே நாலு. கம்பிச்சுருள், குமிழைத் திருப்பி நிலையம் மாற்ற உதவும் கேங் கண்டென்சர், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஜெர்மேனியம் டயோடு, இயர்போன். இவற்றில் சுருளை மட்டும் கடையில் வாங்கவே வேண்டாம். நாமே சுற்றிக்கொள்ளலாம். ரேடியோ மெக்கானிக்குகள் இதைக் காயில் என்பார்கள். கம்பியைச் சுற்றுவதற்கு அடியில் ஒரு குழாயோ டப்பாவோ வேண்டுமே, அதை ஃபார்மர் என்பார்கள். இன்றைக்கு நம் பேச்செல்லாம் அந்த ஃபார்மரைப் பற்றித்தான். வீட்டில் கிடக்கிற எந்தப் பொருள் ஃபார்மர் ஆகும், எது ஆகாது, ஏன் ஆகாது? இதைத் தெரிந்துகொண்டால் உன் வீடே ஒரு ரேடியோ பாகக் கடை ஆகிவிடும்.

முதலில் காயில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நீ மாடியில் கட்டும் ஆன்டெனாக் கம்பியில் பல நிலையங்களின் அலைகள் ஒரே நேரத்தில் வந்து மோதும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிர்வு உண்டு. திருச்சி வானொலி என்றால் மத்திய அலையில் (மீடியம் வேவ்) 936 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடிக்கு 9 லட்சத்து 36 ஆயிரம் அதிர்வு. மதுரைக்கு 1269 கிலோஹெர்ட்ஸ். நம் நாட்டில் மத்திய அலை வரிசை 531-இல் தொடங்கி 1602 கிலோஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. இத்தனை பேர் ஒரே சமயத்தில் பேசும்போது நமக்கு வேண்டிய ஒருவரை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்பது?

மாமரத்தில் கட்டிய ஊஞ்சலை நினைத்துக்கொள். கயிறு நீளமாக இருந்தால் ஊஞ்சல் மெதுவாக ஆடும். கயிற்றைக் குறைத்துக் கட்டினால் வேகமாக ஆடும். ஊஞ்சலுக்கு என்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால், சின்னப் பாப்பா தள்ளினால்கூடப் போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தாளம் தப்பித் தள்ளினால் பெரிய ஆள் தள்ளினாலும் ஆட்டம் ஏறாது.

காயிலும் கேங் கண்டென்சரும் சேர்ந்தால் அப்படி ஒரு ஊஞ்சல்தான். அதில் மின்சாரம் முன்னும் பின்னும் ஆடும். காயிலில் சுற்றுகள் கூடினால் கயிறு நீளமானது மாதிரி, ஆட்டம் மெதுவாகும். சுற்றுகள் குறைந்தால் வேகமாகும். கேங்கின் குமிழைத் திருப்பினால் அதன் தகடுகள் உள்ளேயும் வெளியேயும் நகரும், அப்போதும் இந்தத் தாளம் மாறும். அதை 936-க்குச் சரியாக வைத்துவிட்டால் திருச்சியின் அலை மட்டும் தாளம் தப்பாமல் தள்ளும். மற்ற நிலையங்கள் தள்ளுவது வீணாகிவிடும்.

புரிந்ததா? புரியவில்லை என்றால் இந்த இரண்டு பத்தியையும் இன்னொரு தரம் படி. அவசரமே இல்லை. இது பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

சரி, இந்த ஊஞ்சலில் ஃபார்மருக்கு என்ன வேலை?

உண்மையைச் சொன்னால், ஒரு வேலையும் இல்லை! கம்பி வட்டமாக, வரிசையாக, அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். மின்சாரம் ஓடுவது கம்பியில். காந்தப்புலம் உருவாவது சுருளுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற வெளியில். ஃபார்மர் சும்மா தாங்கிப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். தடித்த கம்பியாக இருந்தால் ஃபார்மரே வேண்டாம். எஃப்.எம். ரேடியோவைத் திறந்து பார்த்தால் நாலைந்து சுற்று மட்டும் உள்ள குட்டிக் காயில் ஒன்று எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்பதைப் பார்க்கலாம். அதை ஒரு பென்சிலில் சுற்றிப் பென்சிலை உருவிவிட்டாலே போதும். மத்திய அலைக்குச் சுற்றுகள் நிறைய, கம்பியும் மெலிசு. தானாக நிற்காது. அதனால்தான் டப்பா.

ஆனால் சும்மா இருக்க வேண்டிய ஃபார்மர் சில சமயம் சும்மா இருக்காது. ஊஞ்சலின் சக்தியைத் திருடும். எந்தப் பொருள் திருடும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதல் திருடன், உலோகம். பால் பவுடர் டின், எவர்சில்வர் டம்ளர், இரும்புக் குழாய் எதுவும் ஆகாது. காயிலின் காந்தப்புலம் ஏறி இறங்கும்போது பக்கத்தில் உள்ள உலோகத்திலும் மின்சாரம் சுழலத் தொடங்கும். அந்தச் சுழல் மின்சாரம் காயிலின் காந்தப்புலத்தை எதிர்த்து நிற்கும். ஆடுகிற ஊஞ்சல் கயிற்றை நடுவில் ஒருவர் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கயிறு குட்டையானது மாதிரி தாளம் வேகமாகும். ஆட்டமும் சீக்கிரம் அடங்கிவிடும். உலோகம் இந்த இரண்டையும் செய்யும். வானொலி தயாரானதும் நீயே சோதித்துப் பார். நிலையம் நன்றாகக் கேட்கும்போது ஒரு எவர்சில்வர் டம்ளரைக் காயிலின் வாய்ப்பக்கம் மெதுவாகக் கொண்டு போ. குரல் தேய்ந்துகொண்டே போகும். எடுத்துவிட்டால் திரும்ப வந்துவிடும்.

டின் என்றால் உனக்கே தெரிந்துவிடும். ஒளிந்திருக்கிற உலோகத்திடம்தான் ஏமாந்துவிடக் கூடாது. உருளைக்கிழங்கு வறுவல் வருகிற உயரமான அட்டைக் குழாயைப் பார்த்திருப்பாய். பார்க்க அருமையான ஃபார்மர். ஆனால் உள்ளே எட்டிப் பார். பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். அது அலுமினியத் தாள். காயிலுக்குள் முழு வட்டமாக ஒரு உலோக வளையம் இருந்தால் அதைவிடப் பெரிய திருட்டு கிடையாது. பழைய சி.டி. தட்டும் அப்படித்தான். அதன் கண்ணாடிப் பளபளப்பு அலுமினியப் பூச்சு. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற வெள்ளி நிற லேபிளையும் விட்டுவைக்காதே. தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடு. மிச்சப் பசை, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும்.

இரண்டாவது திருடன், ஈரம். அட்டைக் குழாய் நல்ல ஃபார்மர்தான். ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடையிலும் துணிக்கடையிலும் தடித்த அட்டைக் குழாய்கள் மிஞ்சும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் தீர்ந்தபின் நடுவில் மிஞ்சுகிற அட்டைக் குழாயும் சரி, தாள் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அட்டை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் அப்பளம் நமுத்துப்போகிறதே, அந்தக் காற்றுதான் அட்டையிலும் ஏறுகிறது. ஈர அட்டையில் சுற்றிய காயிலில் சக்தி வீணாகும், நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். இதற்கு மருந்து சுலபம். அட்டையை நல்ல வெயிலில் ஒரு நாள் காயவை. பிறகு உருக்கிய மெழுகை அம்மாவோ அப்பாவோ பிரஷ்ஷால் உள்ளும் புறமும் பூசித் தரட்டும். மெழுகை உருக்குவது உன் வேலை இல்லை, அதை அவர்களிடம் விட்டுவிடு. மூங்கில் துண்டும் இதே மாதிரிதான். நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிளாஸ்டிக்கிலேயே இருக்கிற வேறுபாடு. மாத்திரை டப்பாவைத் தலைகீழாகத் திருப்பு. அடியில் ஒரு முக்கோணம் தெரிகிறதா? அம்புக்குறியால் ஆன குட்டி முக்கோணம். அதற்குள் ஒரு எண் இருக்கும். கண்ணைக் கிட்டே வைத்துப் பார்.

2 அல்லது 4 என்றால் பாலித்தீன். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். 6 என்றால் பாலிஸ்டைரீன். இவை எல்லாம் ரேடியோவுக்குத் தங்கமான பிளாஸ்டிக்குகள். அலையின் சக்தியை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. 3 என்றால் பி.வி.சி. வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற அதே பொருள். அது கொஞ்சம் சக்தியைத் தின்னும், ஆனால் மத்திய அலையில் அது பெரிய நஷ்டம் இல்லை. 1 என்றால் பெட். குளிர்பான பாட்டில். சுவர் மெலிசாக இருப்பதால் கம்பியை இறுக்கிச் சுற்றும்போது நசுங்கிவிடும், அதுதான் குறை.

கன்னங்கரேலென்று இருக்கிற பிளாஸ்டிக்கைப் பார்த்தால் சற்று யோசி. சில கறுப்புப் பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலந்திருப்பார்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும். வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதற்கு ஒரு சோதனை உண்டு. உலோகம் ஒட்டாத டப்பாவையும் பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரையும் உள்ளே வைத்து, பெரியவர்கள் ஒரு நிமிடம் ஓட்டட்டும். தண்ணீர் சுட்டிருக்கும். டப்பா சுட்டிருக்கிறதா? இல்லை என்றால் அது நல்ல பிள்ளை. சுட்டிருந்தால் அது அலையின் சக்தியைத் தின்கிறது, ஒதுக்கிவிடு. அந்த அடுப்பின் அலை 2450 மெகாஹெர்ட்ஸ். நம் மத்திய அலையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக அதிரும். அவ்வளவு கடினமான பரீட்சையில் தேறிய டப்பா நம் காயிலிலும் பெரும்பாலும் தேறும்.

இப்போது சொல், உன் கையில் இருக்கும் டப்பா தேறிவிட்டதா?

தேறியது என்றால் அடுத்த கேள்வி, எத்தனை சுற்று? இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்படாதே, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

காயிலின் திறனை மைக்ரோஹென்றி என்ற அளவில் சொல்வார்கள். ஜோசப் ஹென்றி அமெரிக்காவில் ஆல்பனி நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாடம் நடத்திக்கொண்டே காயில்களைச் சுற்றிச் சுற்றிச் சோதனை செய்தார். அவர் பெயரைத்தான் இந்த அளவுக்கு வைத்தார்கள். பழைய ரேடியோவில் கிடைக்கிற 365 பிகோஃபாரட் அளவுள்ள கேங்கோடு சேர்ந்து மத்திய அலை முழுவதையும் பிடிக்க நமக்குச் சுமார் 250 மைக்ரோஹென்றி வேண்டும்.

அதைக் கணக்கிட 1928-இல் ஹரால்டு வீலர் என்ற 25 வயது எஞ்சினியர் ஒரு சூத்திரம் சொன்னார். அதைச் சென்டிமீட்டருக்கு மாற்றி உனக்குத் தருகிறேன். ஃபார்மரின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கு. சுற்றுகளை அதே சுற்றுகளால் பெருக்கு. இரண்டு விடைகளையும் ஒன்றோடொன்று பெருக்கித் தனியாக எழுதி வை. அடுத்து விட்டத்தை 46-ஆல் பெருக்கு, காயிலின் நீளத்தை 102-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு. முதலில் எழுதி வைத்ததை இதனால் வகு. விடை மைக்ரோஹென்றி.

செய்து பார்ப்போமா? விட்டம் 5 சென்டிமீட்டர், 80 சுற்று, நீளம் 4 சென்டிமீட்டர். 5 பெருக்கல் 5, 25. 80 பெருக்கல் 80, 6400. இரண்டையும் பெருக்கினால் 1,60,000. அடுத்தது, 46 பெருக்கல் 5, 230. 102 பெருக்கல் 4, 408. கூட்டினால் 638. வகுத்தால் ஏறக்குறைய 251. நமக்கு வேண்டியது வந்துவிட்டது பார்!

விட்டத்தை எப்படி அளப்பது? டப்பாவைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நூலின் நீளத்தை ஸ்கேலில் அள. அதை 3.14-ஆல் வகு. நூல் 15.7 சென்டிமீட்டர் இருந்தால் விட்டம் 5. கம்பியின் பருமனுக்கும் ஸ்கேலே போதும். ஒரு பென்சிலில் நெருக்கமாக 20 சுற்று சுற்றி அள. அது 1 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு கம்பி அரை மில்லிமீட்டர் பருமன். 26 கேஜ் எனாமல் கம்பி ஏறக்குறைய இந்தப் பருமன்தான்.

இதே 26 கேஜ் கம்பியில் வேறு வேறு ஃபார்மருக்குக் கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். 5 சென்டிமீட்டர் ஃபார்மருக்கு 80 சுற்று, கம்பி சுமார் 13 மீட்டர். 7.5 சென்டிமீட்டர் ஃபார்மருக்கு 52 சுற்று போதும், கம்பி 12 மீட்டருக்குச் சற்று மேலே. 2.5 சென்டிமீட்டர் குழாய்க்கு 224 சுற்று வேண்டும், கம்பி ஏறக்குறைய 18 மீட்டர். குழாய் ஒல்லியாக இருந்தால் கம்பி மிச்சமாகும் என்றுதானே நினைத்தாய்? நேர்மாறாக அல்லவா இருக்கிறது! கம்பி நீளமானால் அதில் சக்தியும் கூடுதலாக வீணாகும். அதனால் ரொம்ப ஒல்லியான டப்பாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உன் மாத்திரை டப்பா 4 சென்டிமீட்டருக்கு மேல் விட்டம் இருந்தால் நல்லது. வீடு கட்டுகிற இடத்தில் பிளம்பர் அண்ணனிடம் கேட்டால் 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் ஒரு சாண் வெட்டித் தருவார். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ஃபார்மர் அதுதான். நேராக இருக்கும், நசுங்காது, துளை போடலாம். பேப்பர் கப் மாதிரி ஒரு பக்கம் குறுகிய பொருளில் சுற்றினால் கம்பி வழுக்கிக்கொண்டே வரும். வேறு எதுவும் கிடைக்காவிட்டால் அதன்மேல் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டிவிட்டுச் சுற்று.

கம்பி எங்கே கிடைக்கும்? மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில். "26 கேஜ் ஒரு 50 கிராம் கொடுங்கண்ணே" என்று கேள். 30 மீட்டருக்கு மேலேயே இருக்கும். செம்பு நிறத்தில் வெறும் கம்பி மாதிரித் தெரியும், ஆனால் அதன்மேல் மெல்லிய எனாமல் பூச்சு இருக்கிறது. அதனால்தான் ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டாலும் மின்சாரம் குறுக்கே தாவாது. 1831-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே தன் புகழ்பெற்ற இரும்பு வளையத்தில் செம்புக் கம்பி சுற்றியபோது இந்த வசதி கிடையாது. சுற்றுக்கு நடுவே நூல்கயிறு, அடுக்குக்கு நடுவே பருத்தித் துணி என்று வைத்து வைத்துப் பொறுமையாகச் சுற்றினார். அவரும் கையில் கிடைத்த பொருளை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார், பார்த்தாயா?

இப்போது சுற்றலாம். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, ஃபார்மரின் ஒரு ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் போடு. கம்பியின் முனையை ஒரு துளையில் நுழைத்து அடுத்த துளை வழியாக வெளியே எடு. திரும்ப ஒருமுறை அப்படியே செய். ஒரு சாண் கம்பியை வெளியே தொங்கவிடு. இனி அது உருவாது.

கம்பிச் சுருணையை ஒரு கம்பில் மாட்டித் தம்பியையோ தங்கையையோ பிடித்துக்கொள்ளச் சொல். நீ ஃபார்மரை உருட்டு. கம்பியை ஃபார்மரைச் சுற்றிக் கொண்டு வருவதைவிட, ஃபார்மரைத் திருப்பிக் கம்பியை அதன்மேல் ஏற்றுவது சுலபம். கம்பி முறுக்கிக்கொள்ளாது. இடது கைப் பெருவிரலால் புதிய சுற்றை முந்தைய சுற்றோடு நெருக்கிக்கொண்டே வா. ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடாதே. கம்பியை ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிட்டு அப்புறம் போ. இல்லாவிட்டால் சுருள் முழுக்கச் சடசடவென்று அவிழ்ந்துவிடும்.

ஒவ்வொரு பத்தாவது சுற்றிலும் ஒரு வேலை இருக்கிறது. கம்பியை அறுக்காமல் ஒரு விரல்கடை நீளத்துக்குக் காது மாதிரி மடித்து, இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி வெளியே நிறுத்து. அப்புறம் தொடர்ந்து சுற்று. இதை டேப் (tap) எடுப்பது என்பார்கள், ஒட்டுகிற டேப் இல்லை. ஆன்டெனாவையும் டயோடையும் எந்தச் சுற்றில் இணைப்பது என்று பிற்பாடு மாற்றி மாற்றிப் பார்க்க இந்தக் காதுகள் உதவும்.

80 சுற்று முடிந்ததும் இன்னும் இரண்டு துளை போட்டு முனையை முன்பு போலவே பூட்டு. சுருள்மேல் நீளவாக்கில் மூன்று இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெலிதாகத் தடவு. காய்ந்தால் கம்பிகள் அசையாது. கடைசியாக, முனைகளிலும் காதுகளிலும் உள்ள எனாமலை உப்புத்தாளால் சுரண்டு. நிறம் மாறிப் பளிச்சென்று செம்பு தெரிய வேண்டும். எல்லாப் பக்கமும் சுரண்டு. காயில் கச்சிதமாக இருந்தும் ரேடியோ ஊமையாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

குழாயே கிடைக்கவில்லையா? தட்டையாகவும் காயில் சுற்றலாம். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடு. தடித்த அட்டையாக, பளபளக்கும் பொன் எழுத்து அச்சிடாத பக்கமாகப் பார்த்து எடு. பொன் எழுத்திலும் உலோகப் பூச்சு இருக்கலாம். 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டு. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி 9 பிளவுகள் வெட்டு, நடுவில் 4 சென்டிமீட்டர் அளவு வெட்டாமல் விட்டுவிடு. கம்பியை ஒரு இதழுக்கு மேலே, அடுத்த இதழுக்குக் கீழே என்று பாய் முடைவது போலக் கொண்டு போ.

ஏன் 9? ஏன் 8 கூடாது? நீயே யோசி. ஒரு நிமிடம் தருகிறேன்.

கண்டுபிடித்தாயா? 8 இதழ் இருந்தால் ஒரு சுற்று முடிந்து வரும்போது கம்பி முதல் இதழில் மறுபடி மேலேயேதான் வரும். எல்லாச் சுற்றும் ஒரே தடத்தில் விழும், நெசவே ஆகாது. ஒற்றைப்படை எண் என்றால் அடுத்த சுற்றில் கம்பி கீழே போகும், அதற்கடுத்து மேலே. பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று உரசாமல் இடைவெளியோடு நிற்கும். 7, 11, 13 எதுவானாலும் சரி. சிலந்தி வலை மாதிரி இருக்கிற இந்தக் காயில் பார்க்கவே அவ்வளவு அழகு!

இப்படிக் கிடைத்ததை வைத்துச் சுற்றும் பழக்கம் நேற்று வந்தது இல்லை. 1920-களில் அமெரிக்காவில் வானொலி புதிதாக வந்தபோது, சிறுவர்கள் உருண்டையான ஓட்ஸ் அட்டை டப்பாவில்தான் காயில் சுற்றினார்கள். 1922-இல் அந்நாட்டு அரசின் தர நிர்ணய நிறுவனமே, வீட்டில் வானொலி செய்வது எப்படி என்று ஒரு சிறு வெளியீடு போட்டது.

இரண்டாம் உலகப் போரின் போர்முனையிலும் இது நடந்தது. 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. வீரர்கள் பதுங்கு குழியில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். பாட்டுக் கேட்க ஆசை. சிலர் கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயில் கம்பி சுற்றினார்கள். டயோடு ஏது? சவர பிளேடின்மேல் ஒரு ஊக்கின் முனையை மெல்லத் தொடவைத்தார்கள். அதுவே டயோடு வேலை செய்தது! காதில் ஒரு ஹெட்ஃபோன். அவ்வளவுதான், பதுங்கு குழிக்குள் பாட்டு வந்துவிட்டது.

நமக்குப் பிளேடு வேண்டாம். ஜெர்மேனியம் டயோடு கடையிலேயே கிடைக்கிறது. சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம். உன் ஊரில் பழைய ரேடியோ பழுது பார்க்கும் மாமா இருந்தால் கேங்கும் அவரிடமே கிடைக்கும். இயர்போன் மட்டும் செல்போனுடையது ஆகாது, அதற்கு அதிகச் சக்தி வேண்டும். கிரிஸ்டல் இயர்போன் என்று கேட்டு வாங்கு.

காயிலின் இரண்டு முனைகளையும் கேங்கின் இரண்டு முனைகளோடு சேர். ஒரு முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு கம்பி, மண்ணுக்குள் இறங்கும் இரும்புத் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதில் கட்டு. மறுமுனையிலிருந்து டயோடு, டயோடிலிருந்து இயர்போன், இயர்போனின் இன்னொரு கம்பி எர்த்துக்கு. இயர்போனின் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் சேர்த்துக்கொள். ஆன்டெனாவாக 15 அல்லது 20 மீட்டர் கம்பியை உயரத்தில் கட்டி, அதன் முனையை எர்த் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் காதில் இணை.

இங்கே மட்டும் நான் கண்டிப்பான வாத்தியார். ஆன்டெனாக் கம்பியைப் பெரியவர்களோடுதான் கட்ட வேண்டும். மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலேயோ அது போகவே கூடாது. வீட்டுச் சுவரில் இருக்கிற பிளக் ஓட்டை எதிலும் எந்தக் கம்பியையும் நுழைக்காதே, எர்த் ஓட்டையிலும் கூடாது. இடி மின்னல் வருகிற மாதிரி இருந்தால் உடனே இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடு. சரிதானே?

இரவில் கேட்டுப் பார். சூரியன் மறைந்தபின் மத்திய அலைகள் வானத்தின் உயரத்தில் உள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பித் தூரத்துக்கும் வரும். கேங்கை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பு.

கேங்கின் தகடுகளை முழுக்க உள்ளே மூடியும் எண் குறைந்த நிலையம் கிடைக்கவில்லையா? கயிறு போதவில்லை. இன்னும் பத்துச் சுற்று சேர். தகடுகளை முழுக்க வெளியே திறந்தும் எண் கூடிய நிலையம் கிடைக்கவில்லையா? கயிறு நீளம். ஒரு பத்துச் சுற்றைக் கழற்று. இரண்டு நிலையங்கள் கலந்து கேட்டால் ஆன்டெனாவை எர்த்துக்கு இன்னும் பக்கத்தில் உள்ள காதுக்கு மாற்று. ஓசை சற்றுக் குறையும், ஆனால் குரல்கள் பிரியும். பழைய பாக்கெட் ரேடியோவில் இருக்கிற கறுப்பு ஃபெரைட் கம்பி கிடைத்தால் அதைக் காயிலுக்குள் மெல்ல நுழைத்துப் பார். எவர்சில்வர் டம்ளர் செய்ததற்கு நேர் எதிராக, அது தாளத்தை மெதுவாக்கும். நிலையங்கள் இடம் மாறும். எந்தப் பக்கம் மாறுகின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வை, கண்ணு. கூடவே ஃபார்மர் என்ன பொருள், அடியில் என்ன எண், விட்டம் எவ்வளவு, எத்தனை சுற்று என்பதையும் எழுது. அடுத்த டப்பா காலியாகும்போது அந்த நோட்டு உனக்கு உதவும்.